மண்ணிலும் உடலிலும் உப்பின் பண்டமாற்று

நெல்லைக் கொடுத்து உப்பை வாங்கிய காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. கடற்கரை உப்பளங்களிலிருந்து உமணர்கள் வண்டி வண்டியாக உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று, அதனை நெல்லுக்கு மாற்றினார்கள் என்பதைச் சங்க இலக்கியத்தால் அறிகிறோம். அந்தப் பண்டமாற்று மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் அதனையொத்த வேறொரு பண்டமாற்று நம் வயலிலும், நம் வயிற்றிலும் இரவு பகலாக நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே கைமாறும் சரக்கும் உப்புக்களே. அளவுகோலாக நிற்பது மின்னேற்றம். இந்த மாற்று ஒழுங்காக நடக்கும்வரை நிலம் விளைகிறது. உடல் நலமாக இருக்கிறது. அது பிறழ்ந்தால் வயல் களராகிறது. பேதி கண்ட குழந்தை சில மணி நேரத்தில் துவண்டு விழுகிறது.

இவ்விரண்டும் தொடர்பற்ற செய்திகள் போலத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படையான விஞ்ஞான விதி ஒன்றே. அதனை அறிந்துகொண்டால் வயலுக்கு எதை இடுவது, நோயுற்ற குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்ற இரு கேள்விகளுக்கும் காரணத்தோடு விடை காணலாம்.

கல்வராயன் மலைக்குக் கீழே அமைந்த சின்னசேலம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு, பருத்தி, நெல் ஆகியவை இப்பகுதியின் பயிர்கள். மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றில் 1965-ஆம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணை நீர் எட்டாத நிலங்களெல்லாம் ஏரியையும் கிணற்றையுமே நம்பியுள்ளன. கடினமான பாறைகளின் வெடிப்புக்களில் தேங்கி நிற்கும் நீரே கிணறுகளில் ஊறுகிறது. பாறையிலிருந்து கரைந்த உப்புக்களையும் அது உடன் கொண்டு வருகிறது. ஆகவே கிணற்று நீரை இறைக்கும் ஒவ்வொரு நாளும் நாம் நிலத்துக்கு நீரோடு உப்பையும் சேர்த்தே இறைக்கிறோம். அந்த உப்பு நிலத்தில் என்ன செய்கிறது என்பதை முதலில் காண்போம்.

மண் உப்பைப் பிடித்து வைப்பது ஏன்?

உப்பு நீரில் கரையும்போது இரு கூறாகப் பிரிகிறது. ஒரு கூறு நேர் மின்னேற்றமும், மற்றொன்று எதிர் மின்னேற்றமும் உடையது. இவற்றை அயனிகள் என்பர். சாதாரண உப்பிலிருந்து சோடியம் நேர் அயனியாகவும், குளோரைடு எதிர் அயனியாகவும் பிரிகின்றன. சுண்ணாம்பின் உயிர்நாடியான கால்சியமும், சாம்பலில் உள்ள பொட்டாசியமும் நேர் அயனிகளே.

களிமண் துகளோ எதிர் மின்னேற்றம் உடையது. இதற்கும் ஒரு மாற்றே காரணம். களிமண்ணின் படிகத்தில் சிலிக்கன் அணு இருக்கவேண்டிய இடம் சிலவற்றில், அது உருவான காலத்திலேயே, அலுமினிய அணு அமர்ந்துவிட்டது. சிலிக்கன் 4 பங்கு மின்னேற்றம் தரவேண்டிய இடத்தில் அலுமினியம் 3 பங்கே தருகிறது. இவ்வாறு ஏற்பட்ட குறைவினால் துகள் முழுவதும் எதிர் மின்னேற்றம் பெற்று நிற்கிறது. மட்கிய எருவும் அத்தகையதே. எதிரும் நேரும் ஒன்றையொன்று இழுக்குமாதலால், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் முதலிய நேர் அயனிகள் களிமண்ணின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அவை அங்கே நிரந்தரமாகக் கட்டுண்டு கிடப்பதில்லை. வேறொரு நேர் அயனி போதிய அளவில் வந்தால், பழையது இடம் விட்டு விலகும், புதியது அமரும். மின்னேற்றக் கணக்கில் விலகியதும் அமர்ந்ததும் சமமாகவே இருக்கும்.

பயிரின் வேர் உணவு கொள்வதும் இம்முறையில்தான். வேர் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை வெளியே விடுகிறது. களிமண்ணிலிருந்து விலகி வரும் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் ஏற்கிறது. கரிசல் மண்ணுக்கு இவ்வாறு அயனிகளைப் பிடித்து வைக்கும் ஆற்றல் மிகுதி. செம்மண்ணுக்கு அது குறைவு. செம்மண் நிலத்தில் தொழு உரம் இட்டால் பயன் பெருகுவதற்கு ஒரு காரணம், மட்கு சேரச் சேர அம்மண்ணின் பிடிக்கும் ஆற்றலும் வளர்வதே. உரத்திலுள்ள நைட்ரேட்டோ எதிர் அயனி. களிமண் அதனைப் பிடிப்பதில்லை. பெருமழையில் அது அடித்துச் செல்லப்படும். தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பகுதி பகுதியாகப் பிரித்து இடுங்கள் என்று வேளாண்மை அலுவலர்கள் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும்.

இங்கிலாந்து விவசாயி ஒருவரின் சோதனை

இந்த உண்மையை உலகுக்கு முதலில் காட்டியவர்களுள் ஒருவர் ஒரு விவசாயி என்பது நாம் மகிழத்தக்க செய்தி. இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த எச். எஸ். தாம்சன் என்ற நிலக்கிழார், எருக்குழியின் சத்து மழையில் கரைந்து வீணாகிறதா என்று அறிய விரும்பினார். ஒரு கண்ணாடிக் குழாயில் மண்ணை நிரப்பி, அதன் மேல் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். அடியில் வடிந்த நீரைச் சோதித்தபோது அதில் அம்மோனியம் பெரும்பாலும் காணப்படவில்லை. அதற்குப் பதிலாக ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், வந்திருந்தது. மண் அம்மோனியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்துவிட்டது! இச்செய்தி 1850-ல் வெளியாயிற்று. அதே ஆண்டில், இங்கிலாந்தின் ராயல் வேளாண்மைச் சங்கத்தின் ரசாயன நிபுணரான தாமஸ் வே என்பவர் விரிவான பல சோதனைகள் செய்து, இம்மாற்று சம அளவுக் கணக்கில் நடைபெறுகிறது என்று நிறுவினார். இன்று நகரங்களில் கடின நீரை மென்னீராக்கும் கருவிகளும் இந்த மாற்று விதியைக் கொண்டே இயங்குகின்றன.

களர் உண்டாவது எப்படி?

நல்ல மண்ணில் களிமண் துகள்களைச் சுற்றிக் கால்சியமே பெரும்பாலும் இருக்கும். அது இரண்டு பங்கு மின்னேற்றம் உடையது. துகள்களை நெருங்கப் பிடித்துச் சிறு சிறு கட்டிகளாகச் சேர்த்து வைக்கும். கட்டிகளின் இடையே காற்றும் நீரும் புகும். சோடியமோ ஒரு பங்கு மின்னேற்றமே உடையது. தன்னைச் சுற்றி நீரைப் போர்த்திக்கொண்டு துகளிலிருந்து சற்று எட்டியே நிற்கும். அது மிகுந்துவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்துவிடுகின்றன. அவ்வாறு பிரிந்த நுண்துகள்கள் மண்ணின் நுண்துளைகளை எல்லாம் அடைக்கின்றன. மழை பெய்தால் நீர் இறங்காமல் குழம்பாகத் தேங்கும். வெயில் அடித்தால் மண் கல்லைப் போல் இறுகும். விதை முளைத்தாலும் வேர் ஓடாது. இதுவே களர் நிலம். கல்லாதவரைக் களருக்கு ஒப்பிட்டுத் திருக்குறள் கூறுவதிலிருந்து, இந்நிலத்தின் குணத்தைத் தமிழர் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர் என்பது புலனாகும்.

சோடியம் எவ்வாறு மிகுகிறது? சில கிணற்று நீரில் சோடியம் பைகார்பனேட், அதாவது சோடா உப்பு, மிகுந்திருக்கும். அந்நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், மண்ணிலுள்ள கால்சியம் பைகார்பனேட்டுடன் சேர்ந்து கரையாத சுண்ணாம்பாகப் படிந்துவிடும். இவ்வாறு கால்சியம் ஒதுங்கிய இடத்தில் சோடியம் அமர்கிறது. இக்கேடு ஒரே ஆண்டில் நேர்வதில்லை. பல போகங்களில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒரு நாள் விளைச்சல் குறைந்த பின்னரே கண்ணுக்குத் தெரிகிறது.

இது எங்கோ ஒரு மூலையில் உள்ள பிரச்சினை அன்று. ஹரியானா மாநிலம் கர்னாலில் 1969-ல் தொடங்கப்பட்ட மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் உப்பினால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். அதில் களர் மட்டும் சுமார் 38 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாட்டின் பங்கு சுமார் 3.5 லட்சம் ஹெக்டேர்.

உவர் வேறு, களர் வேறு

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பேச்சு வழக்கில் உவர், களர் என்ற இரு சொற்களையும் நாம் ஒன்றாகவே கலந்து வழங்குகிறோம். விஞ்ஞான முறையில் அவை வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு வேறு.

உவர் நிலத்தில் கரையும் உப்புக்கள் பொதுவாக மிகுந்திருக்கும். களிமண்ணின் மேல் சோடியம் ஆதிக்கம் கொண்டிராது. வடிகால் அமைத்து, நல்ல நீரைத் தேக்கி வடித்தால் உப்புக் கழுவப்பட்டுவிடும். ஜிப்சம் தேவையில்லை. களர் நிலத்திலோ கரையும் உப்பு அதிகம் இராது. சோடியம் களிமண்ணையே பற்றிக்கொண்டிருக்கும். எவ்வளவு நீர் தேக்கினாலும் அது தானாக விலகாது. நீர் இறங்கவும் இறங்காது. அதன் இடத்தில் அமர்வதற்குக் கால்சியத்தைக் கொடுத்தால்தான் அது விலகும்.

அமெரிக்காவில் ரிவர்சைடு என்ற ஊரிலுள்ள உவர் நில ஆராய்ச்சிக்கூடம் 1954-ல் வகுத்த அளவுகள் இன்றும் பின்பற்றப்படுகின்றன. களிமண் பிடித்துள்ள நேர் அயனிகளில் சோடியம் நூற்றுக்கு 15 பங்குக்கு மேற்பட்டால் அது களர். அத்தகைய மண்ணின் பி.எச். எனப்படும் கார நிலை பெரும்பாலும் 8.5-க்கு மேல் இருக்கும். மண் கரைசலின் மின் கடத்தும் திறன் 4 என்ற அளவுக்கு மேற்பட்டால் அது உவர். இரண்டும் ஒருங்கே மிகுந்த நிலமும் உண்டு.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்று உள்ளது. வயலிலிருந்து எடுத்த, நன்கு காய்ந்த, கொண்டைக்கடலை அளவுள்ள மண்கட்டி ஒன்றை, மழைநீர் உள்ள கண்ணாடித் தம்ளரில் மெல்ல இடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் பரவி, மறுநாளும் தெளியாமல் நின்றால் களர் என்று ஐயுறலாம். பிறகு அந்த மண்ணைக் கலக்கிக் கலங்கல் நீரை இரு தம்ளர்களில் பிரித்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சப் பொடியைப் போட்டுக் கலக்கி வையுங்கள். ஜிப்சம் இட்ட தம்ளரில் மண் திரண்டு அடியில் படிய, நீர் தெளிவதைக் காணலாம். கால்சியம் செய்யும் வேலையைக் கண்ணெதிரே காட்டும் சோதனை இது. எனினும் இதனை மட்டும் நம்பிப் பணத்தைச் செலவிடலாகாது. மண் பரிசோதனை நிலையத்தின் முடிவே உறுதியானது.

ஜிப்சத்தின் கணக்கு

172 கிலோ தூய ஜிப்சத்தில் 40 கிலோ கால்சியம் இருக்கிறது. அது முழுவதும் மாற்றில் ஈடுபட்டால் 46 கிலோ சோடியம் களிமண்ணை விட்டு நீங்கும். நீங்கிய சோடியம், சோடியம் சல்பேட் என்ற எளிதில் கரையும் உப்பாக மாறும். அந்த உப்பை நீரோடு வடித்து வெளியேற்றாவிட்டால் அது வயலிலேயே தங்கி மீண்டும் கேடு செய்யும். ஆகவே வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் இடுவது பாதி வேலையே ஆகும்.

ஜிப்சம் நீரில் மெதுவாகவே கரையும். ஒரு லிட்டர் நீரில் சுமார் இரண்டரை கிராம் அளவே கரையும். இக்கணக்கின்படி ஒரு டன் ஜிப்சம் கரைவதற்கு 4 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். ஓர் ஏக்கரில் பரப்பினால் அது சுமார் 10 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். மண் கால்சியத்தை உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் வயலில் சற்று எளிதாகவே கரையும் எனினும், நீர் வசதி பார்த்தே இவ்வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்கு இக்கணக்கு போதும்.

செய்முறை இது. வயலைச் சமப்படுத்திச் சிறு பாத்திகளாகப் பிரித்து வரப்பை உயர்த்த வேண்டும். வடிகால் வாய்க்கால் வெட்ட வேண்டும். மண் பரிசோதனை கூறும் அளவுப்படி ஜிப்சத்தைச் சீராகத் தூவி, நீர் கட்டி உழ வேண்டும். சில நாட்கள் நீரைத் தேக்கி வைத்துப் பின் வடிக்க வேண்டும். நெல் பயிரிடுவதற்குச் சோதனையில் கண்ட தேவையில் பாதியளவு ஜிப்சமே போதும் என்பது தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அடுத்துத் தக்கைப்பூண்டை வளர்த்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். அது களரைத் தாங்கி வளரும் பயிர். அது மட்கும்போது எழும் கரிவளியும் அமிலங்களும் மண்ணில் படிந்து கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்து, மேலும் கால்சியத்தை வெளிப்படுத்தும். களர் நிலத்தில் துத்தநாகச் சத்தும் குறையுமாதலால் துத்தநாக சல்பேட்டும் இட வேண்டியிருக்கும். திருச்சிராப்பள்ளி அருகே நாவலூர் குட்டப்பட்டிலுள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த திருச்சி 1, திருச்சி 3 ஆகிய நெல் வகைகள் களரைத் தாங்கவல்லவை.

நமக்கு அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும், அதனையடுத்த ஊட்டத்தூர்ப் பகுதியிலும் பழங்காலக் கடல் விட்டுச்சென்ற களிப்பாறைகளினூடே ஜிப்சம் இழை இழையாகப் படிந்திருக்கிறது. ஒரு காலத்துக் கடலின் உப்பு இன்றைய களருக்கு மருந்தாகிறது.

உடலில் நடக்கும் மாற்று

இனி உடலுக்கு வருவோம். மண்ணைப் பற்றிக் கூறிய சோடியமும் பொட்டாசியமுமே இங்கும் முக்கியமானவை. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் மிக நுண்ணிய இறைப்பான்கள் அமைந்துள்ளன. கவலை இறைப்பவன் ஓயாமல் கிணற்று நீரை மேலேற்றுவது போல, அவை 3 சோடிய அயனிகளை வெளியே இறைத்து, 2 பொட்டாசிய அயனிகளை உள்ளே விடுகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரு நேர் மின்னேற்றம் கூடுதலாக வெளியேறுகிறது. உள்ளே எதிரும் வெளியே நேருமான இந்த மின் வேறுபாடு நரம்பு செய்தி கடத்தவும், இதயம் துடிக்கவும், தசை அசையவும் இன்றியமையாதது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கௌ 1957-ல் இந்த இறைப்பானைக் கண்டறிந்து வெளியிட்டார். அதற்காக 1997-ல் நோபல் பரிசு பெற்றார். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது.

குடலின் உட்சுவர் இந்த இறைப்பைப் பயன்படுத்தியே நீரை உறிஞ்சுகிறது. நாம் உண்பதும் பருகுவதும், உடலே சுரப்பதுமாக நாள் ஒன்றுக்குச் சுமார் 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. நலமாக இருக்கும்போது அதில் மிகச் சிறிதளவே மலத்தோடு கழிகிறது; மற்ற அனைத்தையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நீரை நேராக இழுக்கும் ஆற்றல் குடலுக்கு இல்லை. உப்பு உள்ளே சென்றால் நீர் அதனைப் பின்தொடரும்.

காலரா போன்ற கடும்பேதியில் நடப்பது யாது? கிருமி வெளியிடும் நஞ்சு குடலணுக்களைத் தூண்டி, குளோரைடு உப்பை இடைவிடாமல் வெளியே கொட்டச் செய்கிறது. நீர் அதனைப் பின்தொடர்கிறது. இந்த நஞ்சே நோய்க்குக் காரணம் என்பதை 1959-ல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் சம்புநாத் டே என்ற நம் நாட்டு விஞ்ஞானியே. அந்நிலையில் வெறும் நீரை எவ்வளவு புகட்டினாலும் அது உடலில் தங்காது. களர் நிலத்தில் வெறும் நீரைத் தேக்குவதை ஒத்த செயல் அது. நீர் பயன்பட வேண்டுமானால் அதனை உள்ளே அழைத்துச் செல்லும் உப்பு வேண்டும்.

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ஒரு கருத்தை வெளியிட்டார். குடல் சுவரில் ஒரு தனி வாயில் உண்டு. அதன் வழியே சோடியமும் சர்க்கரையும் சேர்ந்தே உள்ளே செல்கின்றன என்பதே அது. காலரா நஞ்சு இந்த வாயிலைக் கெடுப்பதில்லை என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே உப்பையும் சர்க்கரையையும் தக்க விகிதத்தில் சேர்த்துக் கொடுத்தால், பேதி நிற்கும் முன்னரே உடல் நீரை ஏற்கும்.

வங்கத்தில் கண்ட பயன்

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். எல்லையோர ஊரான பாங்காவில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் மருந்து நீர் தீர்ந்துகொண்டு வந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலானபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கரைசல் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே வாய் வழியாகப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மடிந்துகொண்டிருந்த இடத்தில், மரணம் நூற்றுக்கு 4-க்கும் குறைந்தது. வயலைக் களராக்கும் அதே சோடா உப்பு அங்கே உயிர் காக்கும் மருந்தின் ஒரு பகுதியாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. உப்பை நல்லதென்றோ தீயதென்றோ பொதுவாகச் சொல்ல இயலாது. எந்த இடத்தில், எதனோடு சேர்ந்து, எவ்வளவு என்பதைக் கொண்டே அதன் குணம் அமைகிறது.

நம் மாநிலத்தின் பங்கும் இதில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவர்தம் குழுவினரும் காலரா கண்ட 48 பேரிடம் செய்த ஆராய்ச்சியை 2000-ல் வெளியிட்டனர். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தை உப்புச் சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தபோது பேதியின் அளவும் காலமும் குறைந்தன. அம்மாவுச்சத்து பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்களை ஏற்கும் பெருங்குடல் அணுக்கள், ஹைட்ரஜன் அயனியை வெளியே கொடுத்துச் சோடியத்தை உள்ளே வாங்குகின்றன. பயிரின் வேர் மண்ணில் செய்யும் மாற்றை இது எவ்வளவு ஒத்திருக்கிறது! ஒன்று நினைவிருக்கட்டும்: ஆராய்ச்சியில் பயன்பட்டது அதற்கெனத் தேர்ந்த தனி வகை மாவுச்சத்து. நம் வயல் மக்காச்சோளக் கஞ்சியை அதற்கு ஈடாகக் கொள்ளலாகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் அளவில் அமைந்தது. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தில் குளூக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் உள்ளன. பேதியில் பொட்டாசியமும் கழிந்துவிடுவதால் தசைகள் தளர்கின்றன. அதனை ஈடு செய்யவே பொட்டாசிய உப்பு சேர்க்கப்பட்டுள்ளது. 200 மில்லி லிட்டருக்குரிய சிறு பொட்டலங்களும் கிடைக்கின்றன. ஆகவே உறையில் அச்சிட்ட அளவைப் படித்து, அந்த அளவு நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் கரைசல் கடுமையாகிக் குழந்தைக்குத் தீங்கு செய்யும். கூடினால் பயன் குன்றும். காய்ச்சி ஆறிய நீரே நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கலாகாது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரையிலும், அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்கு 100 முதல் 200 மில்லி லிட்டர் வரையிலும், கரண்டி கரண்டியாகப் பொறுமையுடன் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்க வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பிறகும் விடாமல் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். பொட்டலம் கைவசம் இல்லாத வேளையில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுத்துக்கொண்டே, பொட்டலத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

கண் குழிதல், சோர்ந்து மயங்குதல், பருக இயலாமை, ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், சிறுநீர் கழியாமை ஆகிய குறிகளில் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கல்வராயன் மலையிலுள்ள சிற்றூர்களிலிருந்து கீழே இறங்கி வர நேரமாகும். அப்பயணம் முழுவதும் கரைசலைப் புகட்டிக்கொண்டே வருதல் அவசியம். வழியில் இழக்கும் நீரே பல சமயம் உயிருக்கு உலையாகிறது.

ஊர் கூடிச் செய்யத்தக்கவை

மண் வள அட்டைத் திட்டம் 2015-ல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. அட்டையில் காணும் 12 விவரங்களில் பி.எச். அளவும் மின் கடத்தும் திறனும் அடங்கும். ஆனால் எவ்வளவு ஜிப்சம் வேண்டும் என்பது அவற்றில் இல்லை. ஆகையால் பி.எச். 8.5-ஐ எட்டியோ கடந்தோ இருந்தால், ஜிப்சத் தேவையைத் தனியே கண்டறிந்து தருமாறு மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டுப் பெற வேண்டும். அதனுடன் கிணற்று நீரையும் ஒரு புட்டியில் கொண்டு சென்று சோதிக்கச் செய்ய வேண்டும். நீரில் குறை இருக்க, நிலத்துக்கு மட்டும் மருந்திட்டால் சில ஆண்டுகளில் களர் திரும்பும். ஒருவர் வயலின் வடிகால் அடுத்தவர் வயலில் முடிதல் ஆகாது. எனவே வடிகால் அமைப்பதை ஊர்ப் பொதுவேலையாக எடுத்துக்கொண்டு, கிராம சபைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்தல் நலம்.

அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கேட்டறியலாம். நம் ஊர் அங்கன்வாடியிலும், கிராம சுகாதாரச் செவிலியரிடமும், மலைச் சிற்றூர்களிலும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் மழைக்காலத்துக்கு முன்பே இருப்பில் உள்ளனவா? அவற்றைக் கரைக்கும் முறை ஒவ்வொரு தாய்க்கும் தெரியுமா? பொட்டலத்தின் விலை மிகச் சிறிது. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவும் அத்தகையதே. கேட்டுப் பெறுவதற்கு ஒரு நடையும், அளவறிந்து பயன்படுத்துவதற்குச் சிறிது கவனமுமே நம்மால் ஆக வேண்டியவை.